உஸ்ஸங்கொடையில் அம்மம்மாவுடன்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்கு முன்னால் போகிற காலி வீதியைப் பிடித்துக்கொண்டு போனாலே உஸ்ஸங்கொடைக்குத் திரும்பும் சந்தி வந்துவிடும். இலங்கையின் தென்கரையில், ஹுங்கமை தாண்டி, அம்பலாந்தோட்டைக்கு முன்னால் இருக்கிறது. இந்த முறை அம்மம்மாவும் எங்களோடு வந்தார்.

349 ஹெக்டேயர்தான். 2010இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். யாலவுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது எனக்குப் பெரிய குறை.

முட்புதர்களுக்கு நடுவே கொஞ்சத் தூரம் நடந்ததும் மரங்கள் சட்டென்று முடிந்துவிட்டன. கண்ணுக்கு எட்டியவரை சிவந்த வெட்டவெளி. மழை அரித்த கோடுகள், கருஞ்சிவப்புச் சரளைக்கல், அங்கங்கே தரையோடு தரையாக ஒட்டிய புல். அந்தப் பக்கம் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிற செம்மண் மேடு. கீழே கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வருமாம். இராவணனின் விமானம் இறங்கிய இடம் இது, அனுமன் வைத்த தீயில் மண் கருகிச் சிவந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். அந்த வெளியில் நின்று கேட்டால் நம்பத்தான் தோன்றும்.

அம்மம்மா குனிந்து ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்தார்.

"எங்கட கோண்டாவில் மண் மாதிரியே கிடக்கு. அங்கை வெங்காயம் என்ன மாதிரி விளையும்! இங்கை புல்லே எழும்பேல்லையே, ஏன் பிள்ளை?"

நிறம் ஒன்றுதான், ஆனால் பிறப்பு வேறு. யாழ்ப்பாணச் செம்மண் சுண்ணக்கல்லின் மேல் கிடப்பது. இது சர்பென்டைன் என்ற பாறை சிதைந்து வந்த மண். இரும்பு நிறையக் கிடப்பதால்தான் இந்தச் சிவப்பு. கூடவே மக்னீசியமும் நிக்கலும் அதிகம், பயிருக்கு வேண்டிய சத்துகளோ குறைவு. எல்லாச் செடியும் இதைத் தாங்காது. வேறு இடத்தில் நிமிர்ந்து வளர்கிறதுகூட இங்கே கடற்காற்றில் படுத்துக்கொண்டுதான் உயிர் பிழைக்கிறது.

நான் விளக்கிக்கொண்டிருக்க, அம்மம்மா தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பிறகு நின்றார்.

"இஞ்சை பார், விஷ்ணுகிரந்தியெல்லே!"

சட்டைப் பொத்தானைவிடச் சின்ன நீலப் பூ. எனக்கு இதுவரை கண்ணில் படவேயில்லை. கொஞ்சம் தள்ளி ஓரிதழ் தாமரையும் இருந்தது. இந்த மண்ணின் நிக்கலை உறிஞ்சித் தன் இலையிலேயே சேர்த்துவைக்கிற செடி அது. பறிக்க நீண்ட அம்மம்மாவின் கையைத் தடுத்து, அதைச் சொன்னேன்.

"நஞ்சைத் தின்டு பூக்குதோ" என்றவர், அதை விரலால் ஒருதரம் தடவிவிட்டு எழும்பினார். அதற்குப் பிறகு எங்கள் வான் நின்ற இடம் வரைக்கும் ஒவ்வொரு அடியும் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தார்.