62 சொட்டு

"வாட்ச்ச பாத்து ஒரு நிமிஷம் முழுசா எண்ணுன பாரு, அதுதாம்மா வேணும்." டிரிப்ஸ் வேகத்தைத் தவறாக வைத்துவிட்ட நர்சிங் பயிற்சி மாணவியிடம் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் சொன்னது இவ்வளவுதான். வேதாகமம் சொல்கிறபடி நல்ல வார்த்தையைத் தேடிச் சொன்னார். அது போதுமா என்ற கேள்விதான் இன்னும் விடவில்லை.

நோயாளி முதியவர், இதயம் பலவீனம். 500 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏறவேண்டும். அந்த வார்டில் இருக்கும் டிரிப்ஸ் செட்டில், அதாவது பாட்டிலிலிருந்து வரும் குழாயில், 20 சொட்டு ஒரு மில்லி. 500ஐ 20ஆல் பெருக்கி 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 21 சொட்டு. மாணவியோ அதுவரை குழந்தைகள் வார்டில் இருந்தவள். அங்கே சின்னச் சொட்டாக விழும் மைக்ரோ செட், 60 சொட்டு ஒரு மில்லி. பழக்கத்தில் அந்த 60ஐயே போட்டாள், 62 வந்தது. குழாயில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரை நகர்த்தி நகர்த்தி 62இல் நிறுத்தினாள். ஒரு மணி நேரத்தில் 62 மில்லி இறங்கவேண்டிய பாட்டிலில் ஏறக்குறைய 190 இறங்கியிருந்தது. இந்த வேகம் நீடித்தால் இப்படிப்பட்டவருக்கு நுரையீரலில் நீர் கோத்து, படுக்க முடியாமல் மூச்சு வாங்கும். அன்று அந்த அளவுக்குப் போகவில்லை.

சிஸ்டர் கிளாம்பை மூடினார். நாடி, மூச்சு, ஆக்சிஜன் அளவு பார்த்தார், டாக்டருக்குச் சொன்னார், இறங்கிய அளவை மறைக்காமல் சார்ட்டில் எழுதினார். எல்லாம் சரி. டாக்டர் சொன்ன பிறகு வேகத்தை 21இல் வைத்துவிட்டு அந்த வார்த்தையைச் சொன்னார். 60 எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கவில்லை.

கேட்காததற்கு நியாயம் இருக்கிறது. நோயாளியின் சொந்தக்காரர்கள் முன்னால் திட்டு வாங்கிய பிள்ளைகள் அடுத்த முறை என்ன செய்வார்கள் என்பது வார்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். 190 இறங்கியிருந்தாலும் சார்ட்டில் 62 என்று எழுதுவார்கள். பயம் கணக்கைத் திருத்தாது, தாளைத்தான் திருத்தும்.

வேதாகமத்தில் பவுலின் கடிதமான எபேசியர் 4:29இல் "பக்திவிருத்திக்கு ஏதுவான நல்ல வார்த்தை" என்று வாசிக்கிறோம். பவுல் எழுதிய கிரேக்கச் சொல்லுக்கு வீடு கட்டுவது என்றே பொருள். கூடவே 'தேவைக்கேற்ப' என்ற சொல்லும் அங்கே உண்டு. நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்தத் தேவை காதில் விழுவதில்லை. அன்று அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு எண். நாலு வசனத்துக்கு முன்னால், 25இல், "அவனவன் பிறனுடனே மெய்யைப் பேசக்கடவன்" என்றும் இருக்கிறது. 29ஐப் பிடித்துக்கொண்டு 25ஐ விட்டுவிட்டோமோ?

டிரீட்மென்ட் ரூமுக்குத் தனியே கூப்பிட்டு, காலி செட் பாக்கெட்டைக் கையில் கொடுத்திருக்கலாம். ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்பது அதில் அச்சடித்தே இருக்கும். வாய்விட்டு வாசிக்கச் சொல்லி, அவள் கையாலேயே மறுபடி கணக்குப் போடவைத்தால் இரண்டு நிமிடம். எண்ணியதைப் பாராட்டிய அதே வாயால் "இப்போ இந்த பாக்கெட்ட படி" என்றிருக்கலாம். நடுவில் 'ஆனா' மட்டும் வரக்கூடாது; வந்தால் அதற்கு முன் சொன்னதெல்லாம் காதில் நிற்காது. ஆனாலும், நோயாளி தப்பிய அந்தப் பதற்றத்தில், முகம் வெளுத்து நிற்கும் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் இதை அப்போதே சொல்லவேண்டுமா, டூட்டி முடிந்த பிறகா? டூட்டி முடிந்தால் யாருக்கு நேரம்?

இரண்டு நாள் கழித்து நைட் டூட்டியில் வேறொரு நோயாளிக்கு மறுபடி அதே 60. முதல் நாள் வேகத்தைக் குறைத்தது டாக்டர் ஆர்டரை மாற்றியதால் என்றே அவள் நினைத்திருந்தாள். வாட்சைப் பார்த்து நிமிடம் முழுக்க எண்ணியும் இருந்தாள். பாட்டில் வேகமாகக் காலியாவதைக் கண்டதும் கிளாம்பை மூடி, இறங்கியதை உள்ளபடி சார்ட்டில் எழுதிவிட்டு, யாரும் கேட்குமுன் சிஸ்டரிடம் அவளே போய்ச் சொன்னாள்.