ஐந்து மீள்நோக்குகள்: பிரிட்டனில் செவிலியர் பதிவைப் புதுப்பித்த அனுபவம்

பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்துகொண்ட ஒவ்வொருவரும் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அந்தப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாட்டை நாங்கள் ரீவேலிடேஷன் என்கிறோம். பதிவுகளைப் பேணும் என்.எம்.சி. குழுமம் இதற்காகக் கேட்பவை பல: 450 மணி நேரப் பணி, 35 மணி நேரத் தொடர்கல்வி, அதில் 20 மணி நேரமாவது பிறரோடு சேர்ந்து கற்றதாக இருத்தல், நம் பணியைப் பற்றிப் பிறர் சொன்ன ஐந்து கருத்துகள், நம் பணியை நாமே திரும்பிப் பார்த்து எழுதும் ஐந்து மீள்நோக்குகள், அந்த ஐந்தையும் முன்வைத்துப் பதிவுபெற்ற இன்னொருவருடன் ஒரு கலந்துரையாடல். முழுநேரம் வேலை பார்ப்பவருக்கு 450 மணி நேரம் சில மாதங்களிலேயே நிறைந்துவிடும். தொடர்கல்விக்கான சான்றிதழ்கள் எப்படியும் சேர்ந்துவிடும். தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வந்த நானும் என் தோழிகளும் மலைத்து நின்றது மீள்நோக்குகளின் முன்னால்தான். வார்டில் எல்லாரும் 'ரிஃப்ளெக்ஷன்' என்று மிக எளிதாகச் சொல்லிவிட்டுப் போகும் அந்த வேலையை எப்படித் தொடங்குவது என்றே எங்களுக்குப் பிடிபடவில்லை.

எங்கள் படிப்பில் எழுத்துவேலைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கேர் பிளான், கேஸ் ஸ்டடி, ப்ரொசீஜர் ரெக்கார்டு, டிரக் ஃபைல் என்று நான்காண்டுகளில் எழுதித் தள்ளிய நோட்டுகளை ஓர் அலமாரியில் அடுக்க முடியாது. ஆனால் அவை எவற்றிலும் எழுதுகிறவர் என்ன நினைத்தார், ஏன் அப்படி நினைத்தார் என்று யாரும் கேட்டதில்லை. தன்னைப் பற்றி எழுத நேர்ந்த ஒரே தாள், ஏதாவது பிசகிவிட்டால் மேட்ரனுக்குக் கொடுக்கும் விளக்கக் கடிதம். அதில் எழுதுபவரின் முழுக் கவனமும் தன்னைக் காத்துக்கொள்வதில்தான் இருக்கும். அந்தச் சூழலில் அப்படி இருப்பதே புத்திசாலித்தனமும்கூட. ஆகவே, உங்கள் பணியில் நடந்த ஒரு நிகழ்வைச் சொல்லுங்கள் என்று என்.எம்.சி. படிவம் கேட்டவுடன் எங்களில் பலருக்குக் கை தானாகவே அந்தக் கடித நடைக்குப் போய்விட்டது: ஏதோ குற்றம் நடந்திருக்க வேண்டும், அதை ஒப்புக்கொள்ள வேண்டும், இனி நடக்காது என்று உறுதி தர வேண்டும் என்ற நினைப்பில். படிவம் அப்படி எதையும் கேட்கவில்லை. என்ன நடந்தது, அதிலிருந்து என்ன கற்றீர்கள், அதனால் உங்கள் பணியில் எதை மாற்றினீர்கள், அது செவிலியர் நடந்துகொள்ள வேண்டிய முறைகளை என்.எம்.சி. வகுத்திருக்கும் தொழில்நெறிக் கோவையின் எந்தப் பகுதியோடு தொடர்புடையது என்ற நான்கு கேள்விகள்தான் அதில் இருக்கின்றன.

எழுதத் தெரியாதவர்களுக்கு இங்கே முதலில் கைகாட்டப்படுவது, கிரஹாம் கிப்ஸ் 1988-இல் வகுத்த ஆறு படிகள் கொண்ட சுழற்சி. நடந்ததில் தொடங்கி, உணர்ந்தது, நல்லதும் குறையும், காரணங்கள், முடிவு என்று சென்று, அடுத்த முறை என்ன செய்யப்போகிறோம் என்பதில் அது முடிகிறது. மாணவர்களுக்கு அது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆறு தலைப்புகளின் கீழும் ஒவ்வொரு பத்தியை நிரப்பிவிட்டால் மீள்நோக்கு உருவாகிவிடும் என்ற மயக்கத்தையும் அதுதான் தருகிறது. 'வருத்தமாக உணர்ந்தேன்' என்ற வரி இல்லாத மாணவர் கட்டுரையை நான் இதுவரை கண்டதில்லை. நைட் டியூட்டி முடித்துப் பேருந்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அதைவிடப் பொருத்தமானது, கல்வியாளர் டெரி போர்ட்டன் 1970-இல் முன்வைத்து, பின்னர் ஜான் டிரிஸ்கால் செவிலியப் பணிக்கு ஏற்றபடி விரித்த மூன்று கேள்விகள்: என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன? நான் அதைத்தான் பிடித்துக்கொண்டேன். கைபேசியில் தமிழில் பேசிப் பதிவு செய்துகொள்வேன். விடுமுறை நாளில் அதைக் கேட்டு எழுதுவேன். ஆங்கிலத்துக்குக் கடைசியில்தான் போவேன். நேரடியாக ஆங்கிலத்தில் எழுதினால் என் கை வார்டு நோட்ஸின் மொழியைத் தாண்டி வர மறுத்தது.

ஒரு மீள்நோக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். நோயாளியை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எங்கள் எலும்புமுறிவு வார்டில், இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு மூதாட்டி இருந்தார். நாளிதழில் வரும் குறுக்கெழுத்துப் புதிரைக் காலைத் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடும் பழக்கம் அவருக்கு. அன்று நாளிதழ் மடியில் இருந்தது, பேனா கையில் இருந்தது, கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று புன்னகைத்தார். நோயாளியின் நிலை மோசமாகிறதா என்பதை மதிப்பெண்ணாகக் காட்டும் நியூஸ் 2 அட்டவணையில் மூச்சு, ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உடல் வெப்பம் எல்லாம் சீராக இருந்தன. நினைவுநிலைக்கான கட்டத்தில் விழிப்புடன் இருக்கிறார் என்று முந்தைய ஷிப்டுகளில் குறித்திருந்தார்கள். நான் அந்தக் கட்டிலைக் கடந்து அடுத்த நோயாளியிடம் போய்விட்டு, பிறகு திரும்பி வந்தேன்.

திரும்பி வந்து செய்தது 4ஏடி என்ற சிறு சோதனை. நோயாளி எவ்வளவு விழிப்பாக இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். வயது, பிறந்த தேதி, இருக்கும் இடம், நடப்பு ஆண்டு ஆகியவற்றைக் கேட்க வேண்டும். மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்ல வேண்டும். திடீர் மாற்றம் ஏதேனும் உண்டா என்று விசாரிக்க வேண்டும். அவர் டிசம்பர், நவம்பர், அக்டோபர் என்று சொல்லி மீண்டும் நவம்பருக்கே வந்து நின்றார். மொத்த மதிப்பெண் நான்கைத் தாண்டினாலோ நான்காக இருந்தாலோ டெலிரியம் எனப்படும் திடீர் மனக்குழப்பம் இருக்கக்கூடும் என்று பொருள், அவருக்குத் தாண்டியது. நியூஸ் 2 அட்டவணையில் புதிதாகத் தோன்றிய குழப்பம் ஒன்றுக்கே மூன்று மதிப்பெண் சேர்ந்துவிடும். அதை அட்டவணையில் பதிந்துவிட்டு மருத்துவரை அழைத்தேன். ஸ்கேனில் சிறுநீர்ப்பை நிறைந்து தேங்கியிருந்தது தெரிந்தது. வலிக்காகக் கொடுத்துவந்த கோடீனால் மலச்சிக்கலும் சேர்ந்திருந்தது. இரண்டையும் சரிசெய்த பின் அவர் மெல்லத் தெளிந்தார்.

இதை நான் முதலில் எழுதிய விதம், அடுத்த ஷிப்டிடம் நோயாளியை ஒப்படைக்கும் ஒரு நல்ல ஹேண்ட்ஓவரைப் போல இருந்தது. நேரங்கள் இருந்தன, மதிப்பெண்கள் இருந்தன, 'மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது' என்ற வரி இருந்தது. கலந்துரையாடலுக்கு நான் தேர்ந்துகொண்டவர், கோயம்புத்தூரில் படித்து, பல ஆண்டுகளுக்கு முன்பே இங்கே வந்துவிட்ட ஒரு மலையாளச் செவிலியர். வார்டில் தென்னிந்தியர்கள் எல்லாருக்கும் அவர் சேச்சிதான். வார்டு மேலாளரின் அறையைக் கேட்டு வாங்கி, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் அந்தப் பக்கத்தை நிதானமாகப் படித்துவிட்டு, "இதெல்லாம் நோட்ஸ்லயே இருக்கே மோளே. பெட்டைத் தாண்டிப் போனவ எதுக்குத் திரும்பி வந்தே?" என்று கேட்டார்.

குறுக்கெழுத்துக் கட்டங்கள் காலியாக இருந்ததால் என்றேன். அப்படியானால் குறுக்கெழுத்துப் போடத் தெரியாத ஒருவராக இருந்திருந்தால் என்றார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. உண்மை என்னவென்றால், அந்த மாற்றத்தை நான் கண்டுகொண்டதற்குக் காரணம் முந்தைய நாளும் அதே கட்டில்கள் என் பொறுப்பில் இருந்ததுதான். இரவில் வந்து சேர்ந்தவர், ஆங்கிலம் பேசாத வங்காளி அல்லது பஞ்சாபிப் பாட்டி, பார்க்க வருவதற்கு யாருமே இல்லாதவர் ஆகியோரின் வழக்கமான நிலை எது என்று வார்டில் யாருக்கும் தெரியாது. அவர்கள் பேசாமல் படுத்திருந்தால் அதுதான் அவர்கள் இயல்பு என்று எடுத்துக்கொள்வோம். கூச்சலிட்டு ஊசிக்குழாயைப் பிடுங்கும் டெலிரியம் யார் கண்ணிலும் படும். ஓசையின்றி ஒடுங்கிப்போகும் வகைதான் எளிதில் தவறிப்போகிறது. சேச்சி அதோடு விடவில்லை. முந்தைய ஷிப்டுகளில் ஏன் அது கண்ணில் படவில்லை என்று நினைக்கிறாய் என்றார். அவர்களைக் குறை சொல்வது எளிது, ஆனால் காரணம் அதுவல்ல. ஆள் போதாத வார்டில் அழைப்பு மணியை அழுத்தாமல், எதையும் கேட்காமல் கிடக்கும் நோயாளி ஓர் ஆறுதல்; அவரை நல்ல நோயாளி என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம், ஊரிலும் சரி, இங்கும் சரி. அந்த எண்ணம் என்னிடமும் இருக்கிறது என்பதை அந்த அறையில்தான் வாய்விட்டுச் சொன்னேன்.

பணி செய்துகொண்டிருக்கும்போதே ஓடும் சிந்தனை, பணி முடிந்த பின் நிகழும் சிந்தனை என இரண்டை 1983-இல் டொனால்ட் ஷோன் வேறுபடுத்திக் காட்டினார். முதலாவது அனுபவமுள்ள எந்தச் செவிலியரிடமும் உண்டு. கட்டிலைக் கடந்து போனவரைத் திரும்பி வரச் செய்வது அதுதான். அது அத்தனை வேகமாக நடப்பதால் நமக்கே புலப்படுவதில்லை, உள்ளுணர்வு என்று ஒரு பெயரைச் சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அதைப் பிரித்துப் பார்ப்பதற்கு ஏதோ தவறு நடந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்பதும், எல்லாம் சரியாக நடந்த ஒரு ஷிப்டில் அது ஏன் சரியாக நடந்தது என்று கேட்பதுதான் அதிகம் கற்றுத் தருகிறது என்பதும் நான் இந்தப் புதுப்பித்தலில் கண்டவை. இன்னொருவர் கேள்வி கேட்காமல் அது நடக்கும் என்றும் நான் நினைக்கவில்லை. தனியாக எழுதிய வரையில் என் தாளில் இருந்தவை நிகழ்ச்சிகள் மட்டுமே.

மற்ற நான்கையும் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்று பிசியோதெரபிஸ்ட் ஒருவர் போகிறபோக்கில் சொன்ன கருத்தை வைத்து எழுதியது. ஒன்று வலி மதிப்பீட்டுப் பயிற்சி வகுப்பை வைத்து. நன்றி அட்டை ஒன்றை வைத்தும் எழுதிப் பார்த்தேன், ஆனால் அன்பான செவிலியர் என்ற இரண்டு சொற்களிலிருந்து கற்றுக்கொள்ள என்னால் எதையும் பிழிந்தெடுக்க முடியாமல் அதைக் கைவிட்டேன். தொழில்நெறிக் கோவையோடு இணைக்கும் நான்காவது கேள்விக்குப் பெரும்பாலோர் நான்கு பெருந்தலைப்புகளில் ஒன்றை எழுதிவிட்டுப் போகிறார்கள். கோவையைத் திறந்து குறிப்பிட்ட உட்பிரிவைத் தேடுவது நல்லது. உடல்நிலையும் மனநிலையும் மோசமாவதன் அறிகுறிகளைச் சரியாகக் கண்டறிய வேண்டும் என்னும் 13.1 என் மூதாட்டிக்கு அப்படியே பொருந்தியது.

எழுதினால் நாளை நமக்கு எதிராகவே திரும்பிவிடும் என்ற பயம் இங்கே பலருக்கும் உண்டு. ஒரு குழந்தையின் மரணம் தொடர்பாகத் தண்டிக்கப்பட்ட இளம் மருத்துவர் ஒருவரின் பெயர் 2018 ஜனவரியில் மருத்துவப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தால் மீட்கப்பட்ட வழக்கில், அவருடைய மீள்நோக்குகளே அவருக்கு எதிராகப் பயன்பட்டன என்று பலர் நம்பியது அந்தப் பயத்தை ஊரறியச் செய்தது. மருத்துவர்களின் கவுன்சிலான ஜி.எம்.சி., விசாரணைகளில் மீள்நோக்குக் குறிப்புகளைத் தாங்கள் கேட்பதில்லை என்று பின்னர் தெளிவுபடுத்தியது. நீதிமன்றம் கேட்டால் நிலைமை வேறு. செவிலியர்களைப் பொறுத்தவரை, ஐந்து மீள்நோக்குகளையும் என்.எம்.சி.க்கு அனுப்ப வேண்டியதே இல்லை. அவை நம்மிடமே இருக்கும். கலந்துரையாடியவர் தன் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதிக் கையெழுத்திடுகிறார், பிரதி எதையும் வைத்துக்கொள்வதில்லை. நோயாளி, உறவினர், உடன்பணியாளர் எவரையும் அடையாளம் காட்டும் எதையும் எழுதக் கூடாது என்பது கண்டிப்பான விதி. பெயரை நீக்கினால் மட்டும் போதாது. வார்டு, தேதி, அரிதான நோய், ஊர்க்கதை இவற்றில் இரண்டு சேர்ந்தாலே அந்த வார்டில் இருந்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். சேச்சி என் ஐந்து தாள்களிலும் இரண்டு இடங்களைச் சிவப்புப் பேனாவால் சுழித்துக் கொடுத்தார்.

வார்டு மேலாளர் எல்லாவற்றையும் பார்த்து உறுதிசெய்த பின் இணையத்தில் விண்ணப்பித்தேன். கடைசித் தேதிக்கு 60 நாள்கள் முன்பே விண்ணப்பப் பக்கம் திறந்துவிடும் என்பதால், கலந்துரையாடலை அதற்கும் முன்பே முடித்து வைத்துக்கொள்வது நல்லது. பணியாளர்கள் விடுப்பில் போகும் கோடை மாதங்களில் ஒரு மணி நேரம் ஒதுக்கித் தரக்கூடியவரைப் பிடிப்பது பெரும்பாடு.

மாற்றம் என்ன என்ற மூன்றாவது கேள்விக்கு நான் எழுதியதை மேலாளர் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டார். புதிதாகச் சேரும் முதியவரின் ஹேண்ட்ஓவர் தாளில், வீட்டில் இவர் வழக்கமாக எப்படி இருப்பார் என்பதற்கு ஒரு கட்டம் சேர்த்தோம். மகளோ, முதியோர் இல்லத்தின் பணியாளரோ, பக்கத்து வீட்டுக்காரரோ சொன்ன ஓரிரு வரிகளை அதில் எழுத வேண்டும்: காலையில் வானொலி கேட்பார், சமையலறை வரை தானே நடப்பார், கேள்விக்கு இரண்டு சொல்லில்தான் பதில் சொல்வார். பலர் அக்கறையோடு நிரப்புகிறார்கள். சில நாள்களில் அந்தக் கட்டத்தில் 'நார்மல்' என்று மட்டும் எழுதியிருக்கும். அப்போது தொலைபேசியை எடுத்து வீட்டாரிடம் நான் மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது.