45-ஆம் அதிகாரத்தோடு முடியாத கதை

இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடு நடத்துகிறேன். பிரசங்கப் பயிற்சியில் யோசேப்பின் கதையை எடுக்காத மாணவர் அரிது. எல்லாரும் வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் 45-இல் நிறுத்திவிடுவார்கள். அண்ணன்மார் விற்றுப்போட்டு எகிப்தில் அதிகாரியான யோசேப்பு அவர்களுக்குத் தன்னை வெளிப்படுத்தினான், தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதான், குடும்பம் ஒன்று சேர்ந்தது, ஆமென். சபைக்கும் அதுதான் பிடிக்கும்.

எபிரெய வேதம் குடும்பச் சண்டையை அவ்வளவு லேசில் முடித்துவைப்பதில்லை. வெள்ளாட்டைக் கவனியுங்கள் என்பேன் வகுப்பில். கண் தெரியாத தகப்பன் ஈசாக்கை யோசேப்பின் அப்பா யாக்கோபு ஏமாற்றியது, அண்ணன் உடுப்பைப் போட்டு, கையிலும் கழுத்திலும் வெள்ளாட்டுக்குட்டித் தோலைச் சுற்றிக்கொண்டு. பிற்பாடு அவனுடைய பிள்ளைகள் யோசேப்பை 20 வெள்ளிக்காசுக்கு விற்றுவிட்டு, யாக்கோபு அவனுக்குக் கொடுத்த அங்கியை வெள்ளாட்டு இரத்தத்தில் தோய்த்து யாக்கோபிடமே அனுப்புகிறார்கள். செய்த வினைக்குப் பலன் என்று எழுதியவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசிப்பவன் கண்டுகொண்டால் சரி.

"அப்போ யாக்கோபு திருந்தவே இல்லையா, ஐயா?" என்று ஒரு மாணவர் கேட்டார். எனக்குத் தெரிந்து, இந்த விஷயத்தில் இல்லை. தாய் ரெபெக்காளின் செல்லப்பிள்ளையாக வளர்ந்தவன், யோசேப்பைச் செல்லப்பிள்ளை ஆக்கினான். அவன் போனதும் அவன் தம்பி பென்யமீனை. திருந்தியது யாக்கோபின் இன்னொரு மகன் யூதா. யோசேப்பை விற்றுவிடலாம் என்று யோசனை சொன்னதே அவன்தான். 44-ஆம் அதிகாரத்தில் பென்யமீன் எகிப்தில் திருட்டுப் பழியில் மாட்டிக்கொண்டபோது, அவனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன் என்று முன்னால் வருகிறான். அப்பாவின் உயிரே அந்தச் சின்னவன்மேல்தான் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டுத்தான் இதைக் கேட்கிறான். ஓரவஞ்சனை அப்படியே இருக்கிறது, அதைத் தாங்கிக்கொள்ள ஒரு மகன் பழகிவிட்டான்.

யாக்கோபின் அண்ணன் ஏசா கதையும் இப்படித்தான். அவன் ஓடிவந்து கட்டிக்கொண்டு முத்தமிட்ட பிறகும், பின்னாலேயே ஏசாவின் ஊரான சேயீருக்கு வருகிறேன் என்ற யாக்கோபு சுக்கோத்துக்குப் போய்விடுகிறான். அடுத்து இருவரையும் சேர்ந்து பார்ப்பது ஈசாக்கின் அடக்கத்தில்.

அப்புறம் 50-ஆம் அதிகாரம். எகிப்தில் 17 வருடம் தகப்பனோடு நிம்மதியாக இருந்த அண்ணன்மார், அவர் கண்ணை மூடியதும் நடுங்குகிறார்கள். எங்களை மன்னிக்கும்படி அப்பா சாகுமுன் சொல்லிவிட்டுப் போனார் என்று யோசேப்புக்கு ஆள் அனுப்புகிறார்கள். யாக்கோபு அப்படிச் சொன்னதாக வேறெங்கும் இல்லை. யோசேப்பு அழுகிறான். எனக்கு 45-இன் அழுகையைவிட இதுதான் பெரிது. இத்தனை வருடம் சோறு போட்டும் அவர்கள் இவனை நம்பவில்லை.

தேர்வில் இதைத்தான் கேட்பேன்: அண்ணன்மார் சொன்னது பொய்யா, பொய்யென்றால் யோசேப்புக்குத் தெரியுமா? விளக்கவுரைகளைப் படித்துவிட்டு வருகிறவர்கள் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள்: "பொய்தான், அவனுக்கும் தெரியும்."