அம்மாவின் காப்புறுதி அட்டையில் இடம் மாறிய பூச்சியம்

கிளிநொச்சியில் நான் வேலை செய்கிற கம்பனி ஊழியர்களுக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்துத் தந்தது. பெற்றோரையும் சேர்க்கலாம் என்றார்கள், அம்மாவைச் சேர்த்தேன். அட்டை வந்ததும் மல்லாவிக்குக் கொண்டுபோய் அம்மாவின் கையில் கொடுத்தேன். "உது என்ன பிள்ளை, பாங்க் காட் மாதிரிக் கிடக்கு" என்று இரண்டு பக்கமும் பிரட்டிப் பார்த்தார். முழுதும் ஆங்கிலம். "ஆஸ்பத்திரியில இதைக் காட்டினால் காணும், அம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அந்த அட்டையைப் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். அம்மா அதைக் கிளினிக் கொப்பி இருக்கிற பைக்குள் பத்திரமாக வைத்தார்.

இந்த வருடம் ஒரு நாள் இரவு அம்மாவுக்கு வயிற்றில் தாங்க முடியாத வலி. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்து, அம்புலன்ஸ் வந்து, மல்லாவி ஆஸ்பத்திரியில் மூன்று இரவு வாட்டில் நின்றார். பித்தப்பையில் கல். ஒப்பரேஷனுக்கு அரச ஆஸ்பத்திரியில் கிடைத்த திகதி சில மாதங்கள் தள்ளி இருந்தது. அதற்குள் வலி இரண்டு தடவை திரும்பவும் வந்துவிட்டது. காப்புறுதிதான் இருக்கிறதே என்று யாழ்ப்பாணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நாள் எடுத்தோம்.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் மாங்குளம் வந்து ஏ9 வீதியில் பஸ் மாறி, பத்து மணிக்கு ஆஸ்பத்திரி கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தோம். அட்டையை நீட்டினேன். அங்கிருந்த பிள்ளை கம்பியூட்டரில் அடித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த நம்பரில ஆள் இல்லை எண்டு காட்டுது" என்றார். அட்டையில் நீளமாக இருந்த இலக்கத்தை அவர் அடித்திருந்தார். அது பொலிசி இலக்கம். எங்கள் கம்பனி ஆட்கள் எல்லாருக்கும் அது ஒன்றுதான். ஆளுக்கு ஆள் வேறுபடுவது அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்த அங்கத்தவர் இலக்கம். அதன் கடைசி இரண்டு எண்கள் குடும்பத்தில் யார் என்பதைச் சொல்கின்றன. எனக்கு 00, அம்மாவுக்கு 03. இதையெல்லாம் அட்டையின் பின்பக்கத்தில் இருந்த 24 மணி நேர இலக்கத்துக்கு எடுத்துக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். தமிழில் கதைக்கிற ஒருவர் கிடைத்தார். பொறுமையாக விளங்கப்படுத்தினார், அவருக்கு இப்போதும் நன்றி சொல்கிறேன்.

அங்கத்தவர் இலக்கத்தை அடித்ததும் அம்மாவின் பெயர் வந்தது. அடுத்த பிரச்சினையும் சேர்ந்தே வந்தது. அட்டையில் உள்ள அடையாள அட்டை இலக்கமும் அம்மாவின் கையில் இருந்த அடையாள அட்டையும் பொருந்தவில்லை. "இப்பிடியே அனுப்பினால் திருப்பி விடுவினம் அக்கா" என்றார் கவுண்டர் பிள்ளை.

வாங்கில் உட்கார்ந்து இரண்டு அட்டைகளையும் மடியில் வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். அம்மாவுடையது ஒன்பது எண்ணும் கடைசியில் வீ எழுத்தும் உள்ள பழைய அடையாள அட்டை. முதல் இரண்டு எண்கள் பிறந்த வருடம், 62. அடுத்த மூன்று எண்கள் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். அம்மா பெப்ரவரி முதலாம் திகதி பிறந்தவர், அதாவது 32ஆவது நாள். ஆகவே 532. இதைப் புதிய அடையாள அட்டை முறைப்படி பன்னிரண்டு எண்ணாக மாற்றும்போது முன்னால் 19 சேர்த்து, நாளுக்குரிய மூன்று எண்களுக்குப் பிறகு ஒரு பூச்சியம் போட்டு, வீ எழுத்தை எடுத்துவிட வேண்டும். அம்மாவுக்கு 1962, பிறகு 532, பிறகு 0, அதன் பிறகு மிச்சம் நாலு எண்கள். எங்கள் அலுவலகத்தில் பாரத்தை நிரப்பியவர்கள் பூச்சியத்தை 532க்கு முன்னால் போட்டுவிட்டார்கள். அதனால் நாள் 053 என்று ஆகிவிட்டது. கம்பியூட்டரின் கணக்கில் என் அம்மா பெப்ரவரி 22இல் பிறந்த ஓர் ஆண்.

அம்மாவுக்குச் சொன்னபோது ஒன்றும் பேசாமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். 2009இல் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டுப் பத்திரங்கள் எல்லாம் போய்விட்டன. செட்டிகுளம் முகாமில் இருந்து வெளியே வந்த பிறகு பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை என்று ஒவ்வொன்றாக வரிசையில் நின்று திரும்ப எடுத்தவர் அவர். இலக்கம் பிழை, பெயரில் எழுத்துப் பிழை என்று கேட்டாலே அவருக்கு நெஞ்சு படபடக்கும். வன்னியில் பல பேருக்கு இதே கதைதான். பிறப்புச் சான்றிதழில் ஓர் ஆங்கில எழுத்து, வங்கிப் புத்தகத்தில் இன்னோர் எழுத்து என்று இருக்கும். எங்கள் காப்புறுதிக் கம்பனி பெயரையும் இலக்கத்தையும் அடையாள அட்டையோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறது. அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே காப்புறுதி அட்டையிலும் இருக்க வேண்டும்.

கிளிநொச்சி அலுவலகத்து அண்ணாவுக்கு அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் திருத்தக் கடிதம் அடித்துக் கொழும்புக்கு அனுப்பினார். பின்னேரம் ஐந்து மணி தாண்டித்தான் காப்புறுதிக் கம்பனியின் உத்தரவாதக் கடிதம், காசை நாங்கள் கட்டுகிறோம் என்கிற அந்தக் கடிதம், ஆஸ்பத்திரிக்கு வந்தது. காசுக்கு உத்தரவாதம் அந்தக் கடிதம்தான், அட்டை இல்லை. அட்டையின் பின்பக்கத்திலேயே அப்படி ஒரு வரி இருந்தது, நான் வாசித்திருக்கவில்லை. நாள் குறித்துச் செய்கிற ஒப்பரேஷனுக்கு ஒரு கிழமைக்கு முதலே இந்தக் கடிதத்தைக் கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டிருந்தால் அம்மா அன்று பசியோடு வாங்கில் இருந்திருக்க வேண்டியதில்லை.

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது.

வெளியேறும் நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். கடைசி பில் காப்புறுதிக் கம்பனிக்குப் போய், அவர்கள் சரி சொல்லி வர வேண்டும். அறைக்கு ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரைதான் தருவார்களாம், எங்கள் அறை 11,000. மிச்சத்தை நாங்கள் கட்டினோம். ஒப்பரேஷனுக்கு முன் டொக்டரைப் பார்த்த காசும் ஸ்கேன் காசும் கிடைக்கவில்லை. அட்டையில் ஓபிடி, அதாவது வாட்டில் நிற்காமல் எடுக்கிற வைத்தியம், என்ற இடத்துக்கு நேரே ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது. வாட்டில் நின்றால் மட்டும்தான் காசு என்பது அந்தக் கோட்டின் பொருள். அறை வாடகை எவ்வளவு, ஒரு தடவைக்கு எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு என்பவை அட்டையிலேயே இல்லை. அவை பொலிசியோடு வருகிற அட்டவணையில் இருக்கின்றன. அந்தத் தாள் அலுவலகத்து அலுமாரியில் கிடந்தது. கேட்டதும் அண்ணா படி எடுத்துத் தந்தார்.

அதை வாசித்தபோதுதான் ஒரு நல்ல விஷயம் கண்ணில் பட்டது. அரச ஆஸ்பத்திரியில் வாட்டில் நின்றால் ஓர் இரவுக்கு 1,500 ரூபாய் தருகிறார்கள். அரச ஆஸ்பத்திரியில் பில் இல்லை, ஆகவே காப்புறுதிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். எங்கள் ஊர்ச் சனம் வருத்தம் என்றால் முதலில் போவது அரச ஆஸ்பத்திரிக்குத்தானே. வேண்டியது வீட்டுக்கு விடும்போது ஆஸ்பத்திரியில் தருகிற, அனுமதித்த திகதியும் விட்ட திகதியும் உள்ள டயக்னோசிஸ் காட், நிரப்பிய பாரம், அவ்வளவுதான். எங்கள் பொலிசியில் வீட்டுக்கு விட்ட நாளில் இருந்து 90 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். அம்மா மல்லாவியில் நின்ற நாட்களுக்கு இன்னும் காலம் இருந்தது. டயக்னோசிஸ் காட்டை அம்மா அதே பைக்குள் மடிக்காமல் வைத்திருந்தார். 4,500 ரூபாய் என் கணக்குக்கு வந்தது, அப்படியே அம்மாவிடம் கொடுத்தேன்.

திருத்திய அட்டை வந்த பிறகு ஒரு கொப்பித் தாளில் அதைத் தமிழில் எழுதினேன். எந்த இலக்கத்தைச் சொல்ல வேண்டும், எந்தத் திகதியோடு முடிகிறது, யாருக்கு அடிக்க வேண்டும், வாட்டில் நின்றால் எந்தத் துண்டைக் கவனமாக வைக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதி அட்டையோடு சேர்த்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன்.

போன ஞாயிறு பக்கத்து வீட்டு மாமி தன் மகனின் கம்பனி கொடுத்த அட்டையோடு வந்தார். "முதல்ல உங்கட அடையாள அட்டையைத் தாங்கோ" என்று அம்மாதான் கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எண்ணாக விரலால் தொட்டுக்கொண்டு போனார்.