காலித் தொட்டிக்கு எதுக்கு கரண்ட் பில்?

"தண்ணிக்கும் கல்லுக்குமாடா கரண்ட் பில் கட்டுற?" என்று கேட்டாள் அக்கா. நியாயமான கேள்விதான். 200 லிட்டர் தொட்டி. ஹீட்டர், நீரோட்டம் தரும் பவர்ஹெட், கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் எல்லாம் ராப்பகலாக ஓடுகின்றன. உள்ளே மருந்துக்குக்கூட ஒரு மீன் இல்லை. ஆனால் பல வருடம் நன்னீர் மீன் வளர்த்துவிட்டு பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி (ரீஃப்) பக்கம் வந்த எனக்கு, இதுவரை இதில் ஆகப் பிடித்த கட்டம் இந்தக் காலி நாட்கள்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் உள்ளே குடியேறுகிறது. அதை டெஸ்ட் கிட்டின் நிறத்தை வைத்து மட்டுமே பின்தொடர முடியும்.

முதலில் தண்ணீர். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றவில்லை. அதில் வரும் சிலிகேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்குத் தீனி. செம்பு கொஞ்சம் இருந்தாலும் நத்தை, இறால் வகைகள் தாங்காது. ஆர்.ஓ./டி.ஐ. வடிகட்டி வழியாகப் பிடித்து, கரைந்த பொருட்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் 0 காட்டிய பிறகுதான் உப்பு. அதிலும் ஒரு வரிசை உண்டு: தண்ணீரில் உப்பைப் போட வேண்டும், உப்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அப்படி ஊற்றினால் செறிவு எகிறும் இடத்தில் கால்சியமும் கார்பனேட்டும் சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும். பவளத்துக்குப் போக வேண்டிய கால்சியம் வாளியின் அடியில் கிடக்கும்.

உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது அடர்த்தி எண்ணில் சுமார் 1.026. உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் 0 வைத்து நம்பிவிடாமல், 35 பிபிடி அளவீட்டுக் கரைசலில் சரிபார்ப்பது நல்லது. நமக்குத் துல்லியம் தேவைப்படும் இடம் 35-தானே. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும். அதனால் மட்டம் குறைந்தால் உப்பில்லாத தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.

பாறைக்கு, உயிர் எதுவும் இல்லாத காய்ந்த ட்ரை ராக் எடுத்தேன். கடலிலிருந்தோ ஓடும் தொட்டியிலிருந்தோ ஈரமாக வரும் லைவ் ராக்கில் பாக்டீரியா தயாராக வரும். கூடவே களைபோலப் பரவும் ஐப்டேசியா அனிமோனும், அதிர்ஷ்டம் இருந்தால் மற்ற உயிர்களை வேட்டையாடும் மான்டிஸ் இறாலும் வரும். அந்த விருந்தாளிகள் எனக்கு வேண்டாம். ஆனாலும் பாக்டீரியாவுக்கு விதை வேண்டுமே என்று, நண்பரின் பழைய தொட்டியின் சம்பிலிருந்து (கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி) உள்ளங்கை அளவு லைவ் ராக் ஒன்றை வாங்கி, நன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

இனி சைக்கிளிங், அதாவது கழிவைச் செரிக்கும் பாக்டீரியாவை வளர்த்தெடுப்பது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இந்த இரண்டு கூட்டமும் பெருகும்வரை யாராவது அம்மோனியா ஊட்ட வேண்டும். சிலர் பச்சை இறால் ஒன்றைப் போட்டு அழுகவிடுவார்கள். வேலை நடக்கும், ஆனால் எவ்வளவு அம்மோனியா வரும், எப்போது நிற்கும் என்பதெல்லாம் அந்த இறாலின் இஷ்டம். மீனையே விட்டுச் செய்வது எனக்கு ஒப்பாது. கடல்நீரின் பிஎச் 8.2 பக்கம் இருப்பதால், அம்மோனியாவில் நச்சான பங்கு நன்னீரில் பார்ப்பதைவிடக் கூடுதல். செவுள் புண்ணாகிப் போகும்.

நான் அம்மோனியம் குளோரைடு எடுத்துக்கொண்டேன். 200 லிட்டரில் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா வர ஒன்றேகால் கிராம் போதும். பாறையும் மணலும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் அதைவிடவும் குறைவு. சீக்கிரம் முடியட்டும் என்று அள்ளிப் போடுவதில் லாபமில்லை. அம்மோனியா அளவுக்கு மீறினால் பாக்டீரியாவே திணறும்.

சில நாள் ஒன்றுமே நடக்காது. பிறகு ஒரு காலையில் அம்மோனியாக் குப்பியின் பச்சை லேசாக வெளுத்திருக்கும், நைட்ரைட் குப்பி ஊதாவுக்கு ஏறியிருக்கும். அந்த ஊதா நாட்கணக்கில் அசையாமல் நிற்கும்போதுதான் பலரும் பொறுமை இழக்கிறார்கள். அதே சமயம் நைட்ரேட் டெஸ்டும் தாறுமாறாக ஏறிக் காட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பெரும்பாலான நைட்ரேட் கிட்கள் நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக்கிவிட்டுத்தான் நிறம் காட்டுகின்றன. தண்ணீரில் ஏற்கெனவே நைட்ரைட் நின்றால் அதையும் சேர்த்து எண்ணிவிடும். நைட்ரைட் இறங்கும்வரை அந்த எண்ணை நான் குறித்துக்கொள்வதே இல்லை.

நன்னீர்ப் பழக்கத்தில் எனக்கு நைட்ரைட் என்றாலே பயம். அது செவுள் வழியே ரத்தத்தில் ஏறி, ஆக்சிஜனைச் சுமக்கும் வேலையைக் கெடுத்துவிடும். கடல்நீரில் நிலைமை வேறு. அங்கே குளோரைடு ஏராளம். நைட்ரைட் நுழையப் பார்க்கும் அதே வாசலில் குளோரைடு நெருக்கியடித்து நிற்பதால் உள்ளே போவது மிகக் குறைவு. எனவே நான் கண் வைப்பது அம்மோனியா மேல்தான்.

"எத்தனை நாளில் முடியும்?" என்று கேட்டால் நான் நாள் சொல்ல மாட்டேன். மறுபடி 2 பிபிஎம் அம்மோனியா போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் 0 காட்டினால் தொட்டிக்கு ஜீரண சக்தி வந்துவிட்டது. காட்டவில்லையா, இன்னும் காத்திருங்கள். முடிந்ததும் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டேன். சேர்ந்த நைட்ரேட் இறங்கும். பாக்டீரியாவுக்கு நஷ்டமில்லை, அவை குடியிருப்பது பாறையிலும் மணலிலும்தான்.

இத்தனை நாளும் விளக்கைப் போடவில்லை. போட்டதுமே எதிர்பார்த்தது வந்தது: மணல் மேல் பழுப்புத் தூசிபோல டயாட்டம் என்ற பாசி. புதுத் தொட்டியில் இருக்கும் சிலிகேட்டைத் தின்றுவிட்டு அது தானாக அடங்கும். இதற்கு மருந்து ஊற்றுவதும், நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் 0-வுக்குத் துடைத்தெடுப்பதும் வேண்டாத வேலை. இரண்டும் 0 ஆன தொட்டியில் டைனோஃபிளாஜெலேட் என்ற நுண்ணுயிர் தலைதூக்கினால் ஒழிப்பது பெரும்பாடு. போதாக்குறைக்குப் பவளத்துக்கும் அந்த இரண்டும் கொஞ்சம் வேண்டும்.

பவளத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆல்கலினிட்டி (கார்பனேட் அளவு) 8 டிகேஎச் பக்கம், கால்சியம் 420 பிபிஎம் பக்கம் ஆடாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை டயாட்டம் மேய இரண்டு டுரோக்கஸ் நத்தைகள். உப்பளவு சட்டென்று மாறினால் தாங்காத பிராணி என்பதால், தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பழக்கித்தான் இறக்கப் போகிறேன். அக்காவுக்கு நத்தை கணக்கில் சேராதாம். மீன் வந்த பிறகு கூப்பிடு என்கிறாள்.