‘ஒன்றுமில்லை டாக்டர்’: படைவீரர் மருத்துவமனையில் ஒரு மயக்கமருந்து முன்மதிப்பீட்டுப் பிரிவு

முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் மயக்கமருந்து முன்மதிப்பீட்டுப் பொறுப்பை, அதாவது மயக்கத்தையும் அறுவையையும் நோயாளி தாங்குவாரா என்று முன்கூட்டியே பார்க்கும் பொறுப்பை, என்னிடம் ஒப்படைத்தபோது, அதைப் ‘பிரிவு’ என்று சொல்வதே சற்று மிகையாக இருந்தது. புறநோயாளிக் கட்டடத்தின் கோடியில் ஓர் அறை, ஒரு செவிலியர், காலையில் மட்டும் வந்து போகும் ஒரு பயிற்சி மருத்துவர், இவ்வளவுதான். அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலையில் நோயாளி கோப்புடன் வருவார். ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டு போவார். அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்பதும், இரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்காருகிறார் என்பதும் மறுநாள் காலை ஆபரேஷன் தியேட்டர் வாசலில்தான் எங்களுக்குத் தெரியவரும். அங்கேயே அறுவை ரத்தாகும்.

முதல் மூன்று மாதங்கள் நான் எதையும் மாற்றவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தை வாங்கி, கடைசி நேரத்தில் ரத்தான ஒவ்வோர் அறுவைக்கும் ஒரு வரி எழுதினேன்: என்ன காரணம், அது ஒரு வாரம் முன்பே தெரிந்திருக்கக்கூடியதா, அதை யார் கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் ‘ஆம்’ என்றே எழுத வேண்டியிருந்தது. மூன்றாவது கேள்விக்குப் பல இடங்களில் என் பெயரையே எழுதினேன். மயக்க மருத்துவர் நோயாளியை முன்கூட்டியே புறநோயாளியாகப் பார்க்க வேண்டும் என்பது புதிய யோசனை அல்ல. ஜே. ஆல்ஃபிரட் லீ என்ற ஆங்கிலேய மயக்க மருத்துவர் 1949-லேயே இதைப் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இப்படியொரு கிளினிக்கைத் தொடங்கிய பின் அன்றைய தின ரத்துகள் வெகுவாகக் குறைந்ததாக 1996-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இவற்றையும் என் நோட்டையும் எடுத்துக்கொண்டு அறுவை மருத்துவர்களிடம் போனேன்.

அவர்களுடைய அச்சம் நியாயமானது. ஏற்கெனவே இருக்கும் வாசல்கள் போதாதென்று இன்னொரு வாசலை நான் கட்டப்போகிறேன் என்று நினைத்தார்கள். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அறுவை முடிவான அன்றே, குறைந்தது மூன்று வாரங்கள் முன்னதாக, அவர்கள் நோயாளியை எங்களிடம் அனுப்ப வேண்டும். ரத்தசோகையைக் கண்டுபிடித்து இரும்புச்சத்து ஏற்றவோ, கட்டுக்கடங்காத சர்க்கரையைக் கீழே கொண்டுவரவோ அதற்குக் குறைந்த அவகாசம் பயன்படாது. பதிலுக்கு, தேவையற்ற பரிசோதனைகளை நாங்கள் கேட்க மாட்டோம். கண்புரை அறுவைக்கு முன் வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனையும் இ.சி.ஜி.யும் எந்த ஆபத்தையும் குறைக்கவில்லை என்று சுமார் 19,000 அறுவைகளை வைத்துச் செய்த ஆய்வு 2000-ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டது. எனவே கண்புரைக்காரர்களை அந்த வரிசையிலிருந்து முதலில் விடுவித்தேன். கண் மருத்துவத் துறை அன்றிலிருந்து என் பக்கம்.

என் சொந்தத் துறையைச் சம்மதிக்கவைப்பதுதான் கடினமாக இருந்தது. எங்கள் அறை தகுதி என்று சொல்லி அனுப்பிய நோயாளியை, அறுவை நாளன்று பணியிலிருக்கும் மயக்க மருத்துவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் திருப்பி அனுப்பக் கூடாது என்று கேட்டேன். தியேட்டரில் உயிருக்குப் பொறுப்பேற்பவர் அவர்தான்; முடிவும் அவருடையதே. ஆனால் ஒரு தொலைபேசி அழைப்பு என்பது பெரிய விலை அல்ல என்று வாதாடினேன். மூத்தவர் ஒருவர் ஆறு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

நிர்வாகக் கதை இத்துடன் போதும். உண்மையான பாடம் நோயாளிகளிடமிருந்து வந்தது. படையில் பணியாற்றியவர்களிடம் நான் கண்ட இரண்டு பழக்கங்கள், முன்மதிப்பீட்டைப் பொறுத்தவரை, இரண்டு பள்ளங்கள். ஒன்று, என்ன கேட்டாலும் ‘ஒன்றுமில்லை டாக்டர்’ என்பார்கள். இரண்டு, நாம் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்வார்கள்.

முதல் பள்ளத்தில் நான் விழுந்தது ஒரு குடலிறக்க நோயாளியிடம். எழுபதைத் தாண்டியவர், முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். நடந்தால் மூச்சு வாங்குமா என்றேன். ஒன்றுமில்லை. மாடி ஏறுவீர்களா? தாராளமாக. கோப்பில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவன், என்ன தோன்றியதோ, “வாருங்கள் ஐயா, நானும் மேலேதான் போகிறேன்” என்று அழைத்துக்கொண்டு படியேறினேன். முதல் திருப்பத்தில் அவர் நின்றார். சுவரில் தீயணைப்பு விதிமுறைகளை ஒட்டியிருந்தார்கள். அதைக் கூர்ந்து படிக்கத் தொடங்கினார். “இதை யாருமே படிப்பதில்லை டாக்டர்” என்றார். அவர் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்ததையும், ஒரு வரியைப் படிக்க எடுத்துக்கொண்ட நேரத்தையும் பார்த்த பிறகு, கீழே அழைத்துவந்து ஸ்டெதாஸ்கோப்பை மறுபடி வைத்தேன். முதல் முறை வெளியே காத்திருந்த கூட்டத்தை நினைத்தபடி நான் கேட்காமல் விட்ட இதய இரைச்சல் அங்கே தெளிவாக இருந்தது. எக்கோ எனும் இதய ஸ்கேன் எடுத்தபோது மகாதமனி வால்வு கடுமையாகச் சுருங்கியிருப்பது தெரிந்தது. அந்த நிலையில் முதுகில் ஊசி போட்டு உடலின் கீழ்ப்பாதியை மரத்துப்போகச் செய்திருந்தால் ரத்த அழுத்தம் சரிந்து மீட்க முடியாமல் போயிருக்கலாம். குடலிறக்கம் காத்திருந்தது, வால்வு முதலில் சரிசெய்யப்பட்டது.

மருத்துவர் தம் கேள்வியாலும் கண்ணோட்டத்தாலும் நோயாளியின் உடல்திறனை எடைபோடுவது எவ்வளவு பலவீனமானது என்பதை 2018-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்று காட்டியது. சுமார் 1,400 நோயாளிகளைச் சைக்கிள் மிதிக்கவைத்துச் சோதித்ததில், உண்மையிலேயே திறன் குறைந்தவர்களுள் ஏறத்தாழ 19 விழுக்காட்டினரை மட்டுமே மருத்துவர்கள் தம் ஊகத்தால் அடையாளம் கண்டிருந்தார்கள். என் படிக்கட்டுக் கதைக்குப் பிறகு அந்த எண் எனக்கு வியப்பளிக்கவில்லை. இப்போது டியூக் செயல்திறன் குறியீடு எனப்படும் 12 கேள்விகளைச் செவிலியர் கேட்கிறார். வீட்டைப் பெருக்குவீர்களா, குறுகிய தூரம் ஓடுவீர்களா என்பது போன்ற கேள்விகள். மதிப்பெண் 34-க்குக் கீழே போனால் நான் மேலும் துருவுகிறேன். ‘முடியுமா’ என்று கேட்பதைவிடக் ‘கடைசியாக எப்போது செய்தீர்கள்’ என்று கேட்பது இவர்களிடம் பலிக்கிறது.

உறக்க மூச்சுத்தடைக்கான ஸ்டாப்-பேங் கேள்விகளிலும் இதே சிக்கல். குறட்டை விடுவீர்களா என்றால் தனியாக வசிப்பவருக்கு எப்படித் தெரியும்? ஒருவர் யோசித்துவிட்டு, பாசறையில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர் தம்மீது பூட்ஸை எறிவார் என்றார். அதை ‘ஆம்’ என்று குறித்துக்கொண்டேன்.

விழித்தெழும் நேரத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதை நாங்கள் ஒரு விபத்துக்குப் பிறகே கற்றோம். தோள்பட்டை அறுவை முடிந்து மயக்கம் தெளிந்துகொண்டிருந்த ஒருவரின் நெஞ்சைத் தட்டிச் செவிலியர் எழுப்பியபோது, அவர் கண்ணைத் திறக்காமலேயே கையை வீச, செவிலியரின் மணிக்கட்டு பிசகியது. முழுவதும் தெளிந்த பின் அந்த மனிதர் பட்ட அவமானம் என்னால் மறக்க முடியாதது. போர்க்கள அதிர்ச்சியின் தழும்பு மனத்தில் உள்ளவர்களுக்கு மயக்கம் தெளியும்போது இப்படிக் கொந்தளிப்பு வரும் வாய்ப்பு அதிகம் என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை; யாரிடம் வரும் என்று முன்கூட்டியே கேட்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த மாதம் வேறொருவருடைய மனைவியிடம், வீட்டில் இவரை எப்படி எழுப்புவீர்கள் என்று கேட்டேன். “கட்டிலின் கால்மாட்டில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன், பதில் வந்த பிறகுதான் பாதத்தைத் தொடுவேன். தலைமாட்டுக்குப் போகவே மாட்டேன்” என்றார். அந்த வாக்கியத்தை அப்படியே எங்கள் படிவத்தில் கேள்வியாக மாற்றினோம்: உங்களை எழுப்புபவர் எங்கே நிற்க வேண்டும், என்ன பெயரால் அழைக்க வேண்டும், எங்கே தொடக் கூடாது? இதற்கு மட்டும் யாரும் ‘ஒன்றுமில்லை’ என்பதில்லை. இந்தப் பக்கம் கோப்பின் முகப்பிலேயே ஒட்டப்பட்டு, நோயாளிக்கு முன்பாக, மயக்கம் தெளியும் மீட்பு அறையைச் சென்றடைகிறது. காதுக் கருவியைப் பற்றிய குறிப்பும் அதில் உண்டு. பீரங்கிச் சத்தத்தில் செவித்திறனை இழந்தவரிடமிருந்து அந்தக் கருவியை வார்டிலேயே கழற்றி வாங்கிவிட்டால், அவர் எதுவும் புரியாத மௌனத்தில் உறங்கி, அதே மௌனத்தில் விழிக்கிறார். எங்கள் மருத்துவமனையில் கருவி இப்போது தியேட்டர் வரை அவருடனே வருகிறது.

இரண்டாவது பள்ளத்தில் விழுந்தது நான் எழுதிய ஒரு தாள். ‘ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளை ஐந்து நாள் முன்பு நிறுத்தவும்’ என்று பொதுவாக அச்சடித்து எல்லோருக்கும் கொடுத்துவந்தோம். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்த ஒருவர், க்ளோபிடோக்ரெலை மட்டும் நிறுத்த வேண்டியவர், ஆஸ்பிரினையும் சேர்த்து நிறுத்திவிட்டு வந்தார். உத்தரவில் விதிவிலக்கு இல்லையே என்று தாளைக் காட்டினார். அவர் செய்ததில் பிழை எதுவும் இல்லை. ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளாமல் போனது எங்கள் நல்லூழ். அந்தத் தாள்களை அன்றே கிழித்தோம். இப்போது ஒவ்வொருவருக்கும் அவரவர் மாத்திரையின் பெயர், கடைசி வேளையின் கிழமை, தேதி, மறுபடி தொடங்கும் நாள் ஆகியவற்றைக் கையால் எழுதிக் கொடுக்கிறோம். நிறுத்தக் கூடாதவை தனிக் கட்டத்தில் இருக்கும். எம்பாக்ளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்தாவிட்டால், ரத்தச் சர்க்கரை ஏறக்குறைய இயல்பாக இருக்கும்போதே ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறிவிடக்கூடும் என்பதை இந்தத் தாள் வந்த பிறகுதான் வார்டுகள் கவனிக்கத் தொடங்கின.

வெறும் வயிறு விஷயத்திலும் அதே கீழ்ப்படிதல். நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் கூடாது என்று யாரோ சொன்னதை வேதவாக்காகக் கொண்டு, பிற்பகல் அறுவைக்குக்கூட நாக்கு வறண்டு வருவார்கள். கெட்ட கனவுகளுக்காக, ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் பிராசோசின் மாத்திரை சாப்பிடும் ஒருவர் இப்படி வந்தால், மயக்க மருந்து கொடுத்தவுடன் ரத்த அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்பது எங்களுக்குத் தெரியும். வயிறு தாமதமாகக் காலியாகும் நிலை இல்லாதவர்கள் தெளிந்த நீரை இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். ‘குடிக்கலாம்’ என்று எழுதினால் குடிக்க மாட்டார்கள் என்பதால், ‘காலை 10 மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கவும்’ என்று உத்தரவாகவே எழுதுகிறோம். குடித்துவிட்டு, நேரத்தையும் தாளில் குறித்துக்கொண்டு வருகிறார்கள்.

நோட்டுப் புத்தகம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. வரிகள் குறைந்துவிட்டன, நின்றுவிடவில்லை. சென்ற வார வரி இது: அன்றே வீடு திரும்பும் அறுவை, நோயாளி காலை ஆறு மணிக்கே சவரம் செய்து தயாராக வந்துவிட்டார், மருந்துகள் சரி, தண்ணீர் சரி, இரவு உடனிருக்க ஆள் இருக்கிறார் என்று எங்களிடம் சொல்லியிருந்தார், யாரும் இல்லை. ஒரு வாரம் முன்பே தெரிந்திருக்கக்கூடியதா என்ற இடத்தில் ‘ஆம்’ என்று எழுதினேன். உடனிருப்பவரின் தொலைபேசி எண்ணை வாங்கி, நாங்களே அவரிடம் பேசிவிட வேண்டும் என்று மறுநாள் செவிலியர் படிவத்தில் ஒரு வரியைச் சேர்த்தார். எண்ணே இல்லாதவரை என்ன செய்வது என்று அவர் கேட்டார். இரவு தங்கும் படுக்கை ஒன்றை ஒதுக்கித் தரும்படி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.