மரியாவுடன் இருந்த நாள்கள்

ஜூன் 4

தல்ஸ்தோயின் 'போரும் வாழ்வும்' நாவலில் ஆந்த்ரேய் ஆஸ்தர்லிட்ஸ் போர்க்களத்தில் கொடிக்கம்பின் அருகே விழுந்து கிடக்கிறார். தலைக்கு மேலே இருக்கும் உயர்ந்த வானத்தைத் தவிர அவர் கண்ணுக்கு வேறொன்றும் தெரியவில்லை. அந்தப் பக்கத்திலேயே நிறுத்திவிட்டு அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தேன்.

ஜூன் 7

'போரும் வாழ்வும்' நாவலை டி. எஸ். சொக்கலிங்கத்தின் மொழிபெயர்ப்பில் படித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் சிலர் உண்டு. அவர்கள் எல்லோருக்கும் பிடித்தவள் ரஸ்தோவ் வீட்டு மகள் நத்தாஷாதான். அத்தை இப்போதும் அவள் பெயரைச் சொல்லும்போது குரல் குழைகிறார். என் மனமோ ஆந்த்ரேயின் தங்கை மரியாவிடம் போய் நின்றுவிட்டது. அழகில்லாத முகம், கனத்த நடை, கூச்சப்பட்டால் திட்டுத்திட்டாகச் சிவக்கும் கன்னங்கள் என்று தல்ஸ்தோய் ஒன்றையும் மறைக்காமல் எழுதிவிட்டு, அந்த முகத்தில் பெரிய, ஒளி நிறைந்த இரண்டு கண்களை வைத்திருக்கிறார். அந்த ஒளியை அவள் ஒருநாளும் காண முடியாது. தன்னை மறந்து பிறரை நினைக்கும்போது மட்டுமே அது வருகிறது. கண்ணாடி முன் நின்றால் மறைந்துவிடுகிறது. தோழி கடிதத்தில் அவள் கண்களைப் புகழும்போதுகூட, அது முகஸ்துதி என்றே அவள் எடுத்துக்கொள்கிறாள். உன் தோழி சொல்வது மெய் என்று அவளிடம் சொல்ல எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது!

ஜூன் 8

மரியாவின் தந்தை, கிழவர் பல்கோன்ஸ்கி, தினமும் மகளுக்கு ஜியாமிதி சொல்லித் தருகிறார். பயத்தில் அவள் காதில் ஒரு சொல்லும் ஏறுவதில்லை. நோட்டை வீசி எறிகிறார், பிறகு அருகில் வந்து அவள் தலையைத் தொடுகிறார். இந்தத் தகப்பனை வெறுக்கவும் முடியவில்லை.

ஜூன் 13

இன்று அப்பா கஞ்சியை முழுவதும் குடித்தார். அந்த மகிழ்ச்சியோடு, வேட்டை முடிந்து ரஸ்தோவ் பிள்ளைகள் மாமாவின் கிராமத்து வீட்டுக்குப் போகும் அத்தியாயத்தை இரண்டாம் முறையும் படித்தேன். மாமா கிதார் வாசிக்கிறார். பட்டிலும் மென்துகிலிலும் வளர்ந்து, பிரெஞ்சுக்காரியிடம் பாடம் கேட்ட சின்ன ஜமீன்தார் மகள் நத்தாஷா, சால்வையை எறிந்துவிட்டு இடுப்பில் கை வைத்து ஆடத் தொடங்குகிறாள். குடியானவர் ஆட்டம் அது. யாரும் அவளுக்குக் கற்றுத் தந்ததில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் மாமா வீட்டு அனீஸ்யா சிரித்துக்கொண்டே கண் கலங்குகிறாள். அத்தைக்குக் குரல் ஏன் குழைகிறது என்பது எனக்கும் தெரிந்துவிட்டது. நத்தாஷாவை நேசிக்காமல் இந்தப் பக்கத்தைக் கடந்துவிட யாராலும் இயலாது.

ஜூன் 14

இரவெல்லாம் இருமல்.

ஜூன் 19

அனதோல் ஒழிந்துபோகட்டும். முன்பு மரியாவைப் பெண் பார்க்க வந்த வீட்டிலேயே அவளுடைய துணைப்பெண்ணைக் கட்டி அணைத்தவன் இவன்தான். இப்போது நத்தாஷாவைக் கடத்திப்போகத் திட்டமிட்டிருக்கிறான். அவமானத்தில் உடைந்துபோய் நிற்கும் அவளிடம் ஆந்த்ரேயின் நண்பர் பியேர் வருகிறார். நான் இப்போதிருக்கும் நானாக இல்லாமல், உலகத்திலேயே அழகான, சிறந்த மனிதனாகவும் சுதந்திரமானவனாகவும் இருந்திருந்தால் இந்த நொடியே மண்டியிட்டு உங்கள் கையைக் கேட்டிருப்பேன் என்கிறார். வெளியே வந்தால் மாஸ்கோ வானத்தில் 1812-இன் வால்நட்சத்திரம். ஊரார் அதைக் கேடு என்று அஞ்ச, பியேர் மட்டும் ஈரக் கண்களோடு மகிழ்ந்து பார்க்கிறார். பருத்த, தடுமாறும், கண்ணாடி அணிந்த இந்த மனிதரிடம் என் வீட்டுச் சாவியையே கொடுத்துவிடுவேன்.

ஜூன் 24

நெப்போலியனின் படை நெருங்கும் நேரத்தில் கிழவர் பக்கவாதத்தில் விழுந்துவிட்டார். பகுசாரவோ பண்ணையில் வலப்பக்கம் செயலிழந்து, பேச்சுக் குழறிக் கிடக்கிறார். மரியா இரவும் பகலும் அருகிலேயே இருக்கிறாள். அவர் தேறுகிறாரா என்று பார்க்கும் அவள், முடிவின் அடையாளங்கள் தென்படுகின்றனவா என்றும் பார்க்கிறாள். தந்தையின் அச்சமில்லாத வாழ்க்கை, ஒருவேளை காதல், ஒரு குடும்பம் என்று ஆண்டுக்கணக்கில் மறந்திருந்தவை எல்லாம் அவள் மனத்தில் எழுந்து வருகின்றன. அது சாத்தானின் வேலை என்று ஜெபிக்க முயல்கிறாள், ஜெபம் வரவில்லை. இந்தப் பகுதியை நான் மூச்சுவிடாமல் படித்தேன். நோயாளியின் அருகே உட்கார்ந்திருப்பவரின் மனத்துக்குள் இவ்வளவு தூரம் சென்று, அங்கே கண்டதை ஒளிக்காமல் எழுதிய பிறகும், தல்ஸ்தோய் அவளை ஒரு இம்மியும் குறைத்து நேசிக்கவில்லை. அவளுக்காக அவருக்கு நான் நன்றி சொல்கிறேன், அவளுக்காக மட்டுமன்று.

பிறகு அழைப்பு வருகிறது. அவர் ஏதோ சொல்ல முயல்கிறார், வைத்தியருக்குப் புரியவில்லை. அவள் திரும்பத் திரும்பக் கேட்டு, மனம் நோகிறது என்று அவர் சொல்வதைக் கண்டுபிடிக்கிறாள். இரவு முழுவதும் உன்னை அழைத்தேன் என்கிறார். அவளோ உள்ளே வரப் பயந்து கதவுக்கு வெளியேதான் நின்றிருந்தாள். வாழ்நாளெல்லாம் அதட்டிய வாய் இப்போது நன்றி சொல்கிறது, மன்னிப்புக் கேட்கிறது; உன் வெள்ளை உடையை உடுத்திக்கொள், எனக்கு அது பிடிக்கும் என்கிறது. அன்றே அவர் இறந்துவிடுகிறார்.

அப்பா இன்று காலை சொல்ல வந்தது 'தண்ணீர்' அன்று, 'தம்பி'. சித்தப்பாவுக்குப் போன் செய்து கொடுத்தேன்.

ஜூன் 25

படிக்கவில்லை.

ஜூன் 29

பெத்யா போய்விட்டான். ரஸ்தோவ் வீட்டின் கடைக்குட்டி. கெரில்லாப் படையினர் எல்லோருக்கும் உலர்ந்த திராட்சையை நீட்டி, எனக்கு இனிப்புச் சாப்பிட்டே பழக்கம், எடுத்துக்கொள்ளுங்கள் என்றவன். சிறைப்பட்ட பிரெஞ்சு முரசுச் சிறுவனுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று கூச்சத்தோடு கேட்டவன். மறுநாள் காலை குண்டு தலையில் பாய்கிறது. படைத்தலைவர் தெனீசவ் அந்தத் திராட்சைப் பேச்சை நினைத்துக்கொண்டு, நாய் குரைப்பது போன்ற ஓர் ஒலியோடு திரும்பி வேலியைப் பிடித்துக்கொள்கிறார். அடுக்களையில் நின்று அழுதேன். அப்பாவுக்குக் கேட்டிருக்கக் கூடாது.

ஜூலை 2

ரஸ்தோவ் வீட்டில் வளர்ந்த உறவுப்பெண் சோன்யாவுக்கு நடந்தது எனக்குப் பொறுக்கவில்லை. நத்தாஷாவின் அண்ணன் நிகலாயை இளமை முழுவதும் காதலித்தாள், குடும்பத்துக்காக அவனை விட்டுக்கொடுத்தாள். கடைசியில் நத்தாஷா அவளை மலட்டுப் பூ என்கிறாள், மரியாவும் அதைக் கேட்டுக்கொள்கிறாள். என் மரியாவா? மரியாவுக்கு அந்த நிகலாயே கணவனாக வாய்த்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதே வீட்டில் சோன்யா ஒரு மூலையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கென்று தல்ஸ்தோய் இன்னும் ஒரு பக்கமாவது எழுதியிருக்க வேண்டும்.

ஜூலை 5

மரியா யார் என்பது தெரிந்த நாள்முதல் மனம் அதிலேயே கிடக்கிறது. தல்ஸ்தோயின் தாய் பெயரும் மரியா, பிறந்த குடும்பம் வல்கோன்ஸ்கி. 1830-இல் அவர் இறந்தபோது குழந்தைக்கு இரண்டு வயதுகூட நிறைவடையவில்லை. தாயின் முகம் நினைவில் இல்லாத மகன், முப்பது வயதுக்கு மேல் உட்கார்ந்து, அந்தக் கண்களை எழுதியிருக்கிறார். தன் தகப்பன் பெயரையும் மாற்றவில்லை, நாவலில் மரியாவின் கணவனும் நிகலாய்தான்.

முடிவுரையில் 1820-ஆம் ஆண்டு. மரியா பிள்ளைகளின் நடத்தையை நாட்குறிப்பாக எழுதி வைக்கிறாள். கணவன் அதைப் படித்து வியக்கிறான். பிறகு அவள் முகத்தில் இந்த உலகத்தைத் தாண்டிய ஒரு வேதனையைக் கண்டு, இவள் இறந்துபோனால் எங்கள் கதி என்ன என்று திடுக்கிடுகிறான். நாவலில் அவளுக்கு ஒன்றும் நேரவில்லை. மகன் அவளை உயிரோடு விட்டிருக்கிறார்.

ஜூலை 6

நாளை காலை ஏழு மணிக்கு ஸ்கேன். அண்ணன் இன்றிரவு வந்துவிடுவான். அப்பாவுக்குப் பேச்சு இன்று தெளிவாக இருந்தது. என்ன படிக்கிறாய் என்று கேட்டார். ஜியாமிதிப் பாடத்திலிருந்து படித்துக் காட்டினேன். நோட்டை எறியும் இடத்தில், தொடர்ந்து படி என்றார்.